பதினொன்னு நாப்பது பெங்களூர் பஸ்

உக்காருங்க, உக்காருங்க. பையை மடியில வெச்சுக்கறேன், எடம் தாராளமா இருக்குது. சன்னலோரம் வேணும்னாச் சொல்லுங்க, மாறிக்கலாம். எனக்குக் காத்து ஆவாதுங்க, தொண்டைக்கு ஆவாது. தொண்டைதானுங்களே நமக்குச் சோறு போடறது, அதனாலதான் கழுத்தைச் சுத்தி இந்தத் துண்டு. காய்ச்சல்காரன்னு நெனைச்சுத் தள்ளி உக்காந்துராதீங்க.

குரலை எங்கியோ கேட்ட மாதிரி இருக்குதுங்களா? இல்லீங்களா? சரி. கொஞ்சம் போகப் போகத் தெரியும்.

சென்னியப்பனுங்க. தாராபுரம். மைக் சென்னியப்பன்னு சொன்னாத்தான் ஊர்ல ஆள் அடையாளம் சொல்லுவாங்க. நோட்டீஸ்ல 'வெண்கலக் குரலோன்'னு போட்டிருக்கும். நோட்டீஸை அச்சுக்குக் குடுக்கறது நான்தான், அது வேற விசயம். சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் போவோம். ஆனா உசுரு எதுலன்னு கேட்டீங்கன்னா, மே மாசம் எங்க ஊர்க் கூடைப்பந்துக் கழகம் நடத்தற போட்டி. இருபத்திரண்டு வருசமா அந்த மைக் என் கையிலதான் இருக்குது. வேற ஆளைப் போட்டுப் பாக்கலாம்னு நடுவுல ஒருத்தரு சொன்னாரு. அவரு இப்பக் கழகத்துலயே இல்லீங்க.

இப்பக் கோயமுத்தூருக்குத்தான் போறேன். ஒரு யூடியூப் சேனல்ல கலந்துரையாடலுக்குக் கூப்புட்டிருக்காங்க. தலைப்பைக் கேளுங்க: 'இளம் வீராங்கனைகளை நாம் நிம்மதியாக விடுகிறோமா?' விடறதில்லைங்க. அதைச் சொல்லத்தான் போறேன். ஒன்றரை மணி நேரம் குடுத்திருக்காங்க. பத்தாது.

எல்லாம் அந்த அம்மிணி சிந்துஜா விசயந்தானுங்க. எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் நாச்சிமுத்து மக. பன்னெண்டாவது படிக்கற புள்ளை. அந்தக் குடும்பத்துல மூணு பேரு. மூணு பேருக்கும் சேத்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை செலவாகுமான்னு தெரியலைங்க. நாச்சிமுத்து வாயில பஸ் நேரத்தைத் தவிர ஒண்ணும் வராது. 'ஏனுங்க, சௌக்கியமா?'ன்னு கேட்டா, 'பழனி வண்டி வந்துருச்சுங்க'ம்பாரு. நாம பழனிக்குப் போறவனே இல்லை. ஆனாலும் அதான் பதில். புள்ளை அதுக்கும் மேல. கேட்டா நிமிந்து பாக்கும். அவ்வளவுதான். பாத்ததையே பதில்னு எடுத்துக்கோணும்.

அந்தப் புள்ளைய நாட்டுக்குத் தெரிய வெச்சது யாருன்னு நெனைக்கறீங்க? இருங்க, சொல்றேன்.

இறுதி ஆட்டம். பொண்ணுங்க பிரிவு. எங்க ஊரு டீமும் சென்னை டீமும். ரெண்டாவது குவாட்டர்லயே எங்க டீமோட உசரமான புள்ளைக்குக் கணுக்கால் பெசகிப் போச்சு. அப்ப ஸ்கோரு பதினாலு, அவங்க முப்பத்தொண்ணு. சனம் எந்திரிச்சுப் பொரிகடலை வாங்கப் போயிருச்சு. பெஞ்சுல உக்காந்திருந்த இந்த அம்மிணிய உள்ள விட்டாங்க. பனியன்ல எட்டாம் நம்பர். பேரு எனக்கும் தெரியாதுங்க, உண்மையச் சொல்லிப் போடறேன். 'எட்டாம் எண் வீராங்கனை'ன்னு சொன்னேன்.

இங்க ஒண்ணு வெளக்கிச் சொல்லோணும். மைக் புடிக்கறவனுக்கு ஒரு ஒழுங்கு வேணுங்க. என் ஒழுங்கு துண்டுச் சீட்டு. யாருக்கு என்ன அறிவிக்கோணும்னாலும் சீட்டுல எழுதிக் குடுத்தரோணும். வந்த வரிசைப்படி சட்டைப் பையில வெப்பேன், வந்த வரிசைப்படி எடுத்துப் படிப்பேன். சாப்பாடு போட்டவரு பேரு, கோப்பை குடுத்தவரு பேரு, காணாமப் போன வெள்ளிக் கொலுசு, வழிய மறிச்சு நிறுத்துன பைக் நம்பரு, எல்லாம். மந்திரியே குடுத்தாலும் வரிசைதான். முன்ன பின்ன மாத்துனேன்னு ஒருத்தன் சொல்ல முடியாது.

ஆட்டம் சூடு புடிக்குது. அம்மிணி தூரத்துல இருந்து போடறா, உள்ள பூந்து போடறா, ஃப்ரீ த்ரோ பத்துக்குப் பத்து. நான் ஒரு பக்கம் ஸ்கோரு சொல்றேன், ஒரு பக்கம் சீட்டுப் படிக்கறேன். எங்க டீமோட பீட்டி டீச்சரம்மா டைம் அவுட்ல ஓடியாந்தாங்க. 'சென்னியப்பண்ணா, மைக்கைச் சித்தே நிறுத்துங்க, புள்ளைங்களுக்கு நான் சொல்றது காதுல விழுகலை'ன்னாங்க. எல்லாருக்கும் அவங்கவங்க வேலைதான் பெருசு. நான் என்ன பண்றது, பிரியாணி போட்டவரு எதுக்கால உக்காந்திருக்காரு.

கடைசி ஒம்பது செகண்டு. ஒரு பாயிண்ட் கம்மி. என் கையில கொலுசுச் சீட்டு. 'இடது கால் கொலுசு, மூன்று முத்து வைத்தது'ன்னு படிச்சுக்கிட்டு இருக்கறப்ப ஓன்னு ஒரு சத்தம். நிமிந்து பாத்தா வலை ஆடிக்கிட்டு இருக்குதுங்க. அறுபத்தெட்டு, அறுபத்தேழு. அதுல முப்பத்தேழு அந்த ஒரே புள்ளை.

பாக்கலைன்னா என்னங்க? பந்து எப்படிப் போயிருக்கும்னு நமக்குத் தெரியாதா? 'பருந்தாக உயர்ந்து, நிலவாக வளைந்து, வலையில் வந்து விழுந்தது வெற்றி'ன்னு ஒரு போடு போட்டேன். அடுத்த நாள் ரெண்டு பேப்பர்ல அப்படியே வந்துச்சு. 'கொங்கு நாட்டுக் கூடைக்குயில்'ங்கற பட்டமும் அங்கயே, அந்த நிமிசமே நான் வெச்சதுதானுங்க. பேசாத புள்ளைக்குக் குயில்னு பேரு வெக்கலாமான்னு டீச்சரம்மா கேட்டாங்க. குயிலு என்ன பேசவா செய்யுது?

உடனே கேமராக்காரங்க சூழ்ந்துட்டாங்க. 'ஜெயிச்சப்ப என்ன தோணுச்சு?'ன்னு ஒரு பையன் கேட்டான்.

அம்மிணி யோசிச்சா. நெசமாலுமே யோசிச்சாங்க. அப்பறம், 'தண்ணி குடிக்கோணும்னு'ன்னா.

இப்படியா பதில் சொல்றது? குறுக்க பூந்து, 'தாகம்! வெற்றித் தாகம்! பதினேழு வருடத் தாகம்!'னு நான் எடுத்துக் குடுத்தேன். அதைத்தான் எல்லாச் சேனலும் போட்டான். புள்ளை ஓரமா நின்னு ஒரு பாட்டில் முழுசாக் குடிச்சா. அதை ஒருத்தனும் போடலை.

அன்னையிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு நான்தானுங்க வாய். யாரும் கேட்டுக்கலை, நானா எடுத்துக்கிட்டேன். ஊர்ல ஒருத்தனாவது பொறுப்பா இருக்கோணுமில்லீங்க?

அந்த ஆட்டத்தைப் பாத்து மறுநாளே அம்மிணிய அகில இந்திய முகாமுக்குக் கூப்புட்டுட்டாங்க. மூணாம் நாள் காலைல ஆறு மணிக்கே நாச்சிமுத்து வீட்டு வாசல்ல நாலு சேனல். நல்ல வீடுங்க அது. மொட்டை மாடி, கிரானைட் படி, வாசல்ல சிந்துஜாவோட சைக்கிள். ஒரு ரிப்போர்ட்டர் தம்பி மூஞ்சி சுருங்கிப் போயிட்டான். 'என்னண்ணா, கஷ்டமே இல்லையே'ங்கறான். பாவம், ராத்திரி பூராப் பஸ்ல வந்த பையன். வெறுங்கையோட அனுப்ப மனசு வருமா? பக்கத்துக் காலி எடத்துல ஒருத்தரு ஆட்டுக் கொட்டகை போட்டிருந்தாரு. 'அந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா விழும்'னு மட்டுந்தான் சொன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லலை. அம்மிணிய அதுக்கு முன்னால நிக்க வெச்சு எடுத்தாங்க. 'ஆட்டுக் கொட்டகையிலிருந்து அகில இந்திய முகாமுக்கு'ன்னு தலைப்பு. கண்ணுல தண்ணி வருமுங்க பாத்தா. நானே அழுதுட்டேன், வெளிச்சத்தைப் பத்திச் சொன்னவன்.

அடுத்த நாள் வெளியூர்ல இருந்தெல்லாம் அரிசி மூட்டை, பழைய சேலை, பாத்திரம்னு வந்து எறங்குது. நாச்சிமுத்து சம்சாரம் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அவரு என் கடைக்கு வந்தாரு. கடை வாசல்ல நின்னுக்கிட்டே, 'சென்னியப்பண்ணா, எங்க வீட்ல ஆடே இல்லீங்க'ன்னாரு.

'தெரியுமே'ன்னேன்.

'அம்மிணிய ஸ்கூல் புள்ளைங்க ஆடுன்னு கூப்புடறாங்களாமா.'

'புகழ் வர்றப்ப நாலும் வரும் நாச்சிமுத்து, சகிச்சுக்கோணும்'னு ஆறுதல் சொன்னனுங்க.

அப்பத்தான் அவரு விசயத்தைச் சொன்னாரு. ஜூன் பதினாலாம் தேதி ராத்திரி எட்டு மணிக்குள்ள பெங்களூரு முகாம்ல போய்ப் பேரு குடுக்கோணும். இந்திய இளையோர் அணிக்கு ஆள் எடுக்கற முகாம். எட்டு மணி தாண்டுனா அடுத்த பேர்ல இருக்கற புள்ளைய எடுத்துக்குவாங்க. 'அது வரைக்கும் அம்மிணி பந்து போடோணுங்க. கோர்ட்டைச் சுத்திக் கேமராக்காரங்க நிக்கறாங்க. பந்தை எடுத்தாலே சிரி, இங்க பாரு, மறுக்காப் போடுங்கறாங்க. புள்ளை இப்பெல்லாம் கோர்ட்டுக்கே போறதில்லை. நீங்க சொன்னாக் கேப்பாங்க. கொஞ்சம் சொல்லி வுடுங்க'ன்னாரு. அந்த மனுசன் அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்லைங்க. வேர்த்துப் போச்சு அவருக்கு.

வாக்குக் குடுத்தேன். குடுத்த வாக்கைக் காப்பாத்துனனுங்க. ஹைஸ்கூலுக்குப் பின்னால ஒரு பழைய கோர்ட் இருக்குது, வளையம் ஒரு பக்கமா வளைஞ்சு கிடக்கும். அம்மிணி அங்க விடியக்காலம் யாருக்கும் தெரியாமப் போயிப் பந்து போடறான்னு எனக்குத் தெரிய வந்துச்சு. உடனே எல்லாச் சேனல்காரனையும் கூப்புட்டேன். கண்டிச்சுச் சொன்னேன். 'இத பாருங்க தம்பிகளா, எங்க வேணும்னாலும் போங்க. அந்த ஹைஸ்கூல் பின்னால இருக்கற பழைய கோர்ட்டுக்கு மட்டும் அஞ்சரை மணிக்குப் போயிராதீங்க. புள்ளை அங்கதான் நிம்மதியாப் பயிற்சி எடுக்கறா.' இதுக்கு மேல எப்படிங்க சொல்றது?

அடுத்த நாள் அஞ்சரைக்கு அங்க ட்ரோன் கேமரா பறக்குது. மனுசனை நம்பக் கூடாதுங்க இந்தக் காலத்துல.

சரி, இவனுங்களால நொந்து போன புள்ளைக்கு நாமளாவது ஒரு மரியாதை பண்ணி அனுப்பலாம்னுதான் அந்தப் பாராட்டு விழா. விழா ஒருங்கிணைப்பாளர் நான். தேதி பதினாலு. ஏன் அதே தேதின்னு கேக்கறீங்களா? வழியனுப்பு விழா வழியனுப்பற அன்னிக்குத்தானுங்க நடத்தோணும். முந்தின நாளே வழியனுப்புனா அது என்ன வழியனுப்பு?

நாச்சிமுத்து வேண்டாம்னுதான் சொன்னாரு. நோட்டீஸ் அடிச்சாச்சுன்னு சொன்னேன். அவரு கணக்குப் போட்டுப் பாத்தாரு. எங்க ஊர்ல இருந்து பெங்களூருக்கு நேர் வண்டி பதினொன்னு நாப்பதுக்கு. சாயங்காலம் ஆறேமுக்காலுக்குக் கொண்டு போய் வுட்டுரும். 'ஒம்பதுக்கு ஆரம்பிச்சுப் பத்தரைக்கு வுட்டுருவீங்களா?'ன்னாரு. 'பத்தேகாலுக்கே வுட்டர்றேன்'னேன். நெசமா அப்படித்தான் நெனைச்சிருந்தேன். ஏற்பாடு என்னன்னா, தாயும் மகளும் மண்டபத்துல இருந்து பெட்டியோட நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தரோணும். இவரு அங்கயே இருப்பாரு.

சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்ததே பத்தே முக்காலுக்குங்க. மில்லு மொதலாளி. அவரைக் குத்தம் சொல்ல முடியுமா? வந்தவருக்கு வரவேற்பு, அவரு சம்சாரத்துக்கு வரவேற்பு, பொன்னாடை, மாலை, பூச்செண்டு. பொன்னாடை மட்டும் நாப்பத்தி ரெண்டு. ஒவ்வொருத்தரு பேரும் நான் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தரா மேடைக்கு வந்து போத்தி, போட்டோவுக்குத் திரும்பி, செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு எறங்கோணும். ஜூன் மாச வெயில்ல அம்மிணி அத்தனையும் போத்திக்கிட்டு உக்காந்திருக்கா, தலை மட்டுந்தான் வெளிய தெரியுது. கேமராக்காரங்க காலடியில வரிசையா உக்காந்திருக்காங்க. அவ மொகத்துக்கும் கேமராவுக்கும் ஒரு முழந்தான் இருக்கும்.

பதினொன்னு ஆகறப்ப ஒரு சீட்டு வந்துச்சு. அம்மிணி கையாலயே குடுத்தா. அழைப்பிதழைக் கிழிச்சு அதோட பின்னால எழுதுனது. நமக்கு ரொம்பச் சந்தோசம். பேசாத புள்ளை நம்ம ஒழுங்கைப் புரிஞ்சுக்கிட்டுச் சீட்டு எழுதிக் குடுத்திருக்குதேன்னு. தலையத் தடவிக் குடுத்துட்டுப் பையில வெச்சேன். முன்னால பத்தொம்பது சீட்டு இருந்துச்சு.

பிரிச்சுப் பாத்திருக்கலாமேன்னு நீங்களும் கேக்கறீங்களா? எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. ஏனுங்க, பெருமைக்குரிய புள்ளைங்கறதுக்காக அவ சீட்டை மட்டும் முன்னால எடுத்தா மீதிப் பத்தொம்பது பேரு மனசு என்ன பாடுபடும்? அன்னதானம் பண்ணவரு, சேர் குடுத்தவரு, சீரியல் லைட்டு போட்டவரு... லைட்டு நம்ம கடையோடதுதான்.

நடுவுல விருந்தினர் பேசுனாரு. அம்பத்திரண்டு நிமிசம். சின்ன வயசுல அவரு கபடி ஆடுனதப் பத்தி. நல்ல பேச்சுங்க. அதுல கூடைப்பந்துன்னு ரெண்டு தடவை சொன்னாரு.

அம்மிணி சீட்டு என் கைக்கு வர்றப்ப மணி ஒண்ணு அஞ்சு. பிரிச்சேன். நம்ம வழக்கப்படி தொண்டையச் செருமிக்கிட்டு, மண்டபம் அதிரப் படிச்சனுங்க:

'மாமா, எனக்குப் பதினொன்னு நாப்பதுக்குப் பஸ். இப்பப் போனாத்தான் சரியா இருக்கும். நான் போகட்டுங்களா? சிந்துஜா.'

மைக் புடிச்சவன் சத்தமில்லாம நிக்கக் கூடாதுங்க, அது தொழிலுக்கே அவமானம். அதனால, 'எவ்வளவு அடக்கமாக எழுதியிருக்கிறார்! பலத்த கரவொலி எழுப்புங்கள்!'னு சொன்னேன். சனமும் தட்டுச்சு. விருந்தினரும் தட்டுனாரு.

அம்மிணி எந்திரிச்சா. ஒவ்வொரு பொன்னாடையா எடுத்துச் சேர் மேல மடிச்சு வெச்சா. பதட்டமே இல்லைங்க, கடைசி ஒம்பது செகண்டுல பந்து புடிச்சு நின்ன மாதிரியே நின்னான்னு டீச்சரம்மா சொன்னாங்க. நான்தான் அதைப் பாக்கலையே. மாலையக் கழட்டிச் சேர் முதுகுல மாட்டுனா. என் பக்கம் வந்தா. ஏதோ சொல்லப் போறான்னு மைக்கை நீட்டுனேன். என் கையில இருந்த சீட்டை மட்டும் வாங்கிக்கிட்டா. மேடைய விட்டு எறங்கி, அவங்கம்மா கையில இருந்த பெட்டியத் தூக்கிக்கிட்டு நடந்துட்டா. சொல்லிக்கவும் இல்லை, கும்புடவும் இல்லை. கேமராக்காரன் அத்தனை பேரும் பின்னாலயே ஓடிட்டான். நினைவுப் பரிசு, அஞ்சடி உசரம், அப்படியே நிக்குது. விருந்தினர் மொகத்தை நான் எங்க கொண்டு போய் வெக்கறது? இருபத்திரண்டு வருசத்துல என் மேடையில இருந்து ஒருத்தரும் எந்திரிச்சுப் போனதில்லைங்க. இது பெரிய அவமானம் இல்லீங்களா?

பஸ் ஸ்டாண்டுல நடந்தது கண்டக்டரு சொல்லித்தான் தெரியும். நாச்சிமுத்துக்கு அன்னிக்கு லீவு. ஆனாலும் அவரு சொன்னா வண்டி நிக்கும். இருபத்தாறு வருசத்துல ஒரு வண்டியையும் ஒரு நிமிசம் நிறுத்தாத ஆளு. அன்னிக்கு ஏழு நிமிசம் நிறுத்தி வெச்சாராம். டிரைவரும் ஒண்ணும் சொல்லலையாம், உள்ள இருந்த சனமும் ஒண்ணும் சொல்லலையாம். இவரு ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாராம். பதினொன்னு நாப்பத்தேழுக்கு, வண்டிக்குள்ள ஒரு கைக்குழந்தை அழுதுச்சாமா. இவரே விசில் ஊதி அனுப்பி வெச்சுட்டாரு.

ஏழு நிமிசம்! பெத்த பொண்ணுக்காக ஒரு அப்பன் ஒரு பஸ்ஸை ஏழு நிமிசந்தான் நிறுத்துவானா? நானா இருந்தா ஒன்றரை மணி நேரம் நிறுத்தியிருப்பேன். பாசம்னா அதுங்க.

அப்பறம் கரூர் போயி, சேலம் போயி, வண்டி மாறி மாறித் தாயும் மகளும் போய்ச் சேரப் பத்தரை ஆயிருச்சு. கேட்டைச் சாத்திட்டாங்க. முகாம் பொறுப்பு ஒரு அம்மா, நம்ம சேலத்துக்காரங்கதான். அதுக்குள்ள நான் சீட்டுப் படிச்ச வீடியோ ஊரு ஒலகமெல்லாம் சுத்தியிருக்குது. அந்தம்மாவும் பாத்திருக்காங்க. 'பாத்தேன், சிரிச்சேன். ஆனா வீடியோவ ஃபைல்ல ஒட்ட முடியாது. தாமதத்துக்குக் காரணம் புள்ளை இல்லைன்னு விழா நடத்துனவங்க எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் வேணும். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் இந்த எடத்தை வேற யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கறேன்'னாங்களாம்.

வீடியோன்னதும் ஞாபகம் வந்துச்சு. 'எனக்குப் பதினொன்னு நாப்பதுக்குப் பஸ்'ஸுங்கறதைப் பசங்க ரிங்டோனா வெச்சிருக்காங்க. காலேஜுல ஒரு பையன் அதுக்கு டான்ஸ் ஆடியிருக்கான். கேலிதான் பண்றாங்க, தெரியாம இல்லை. ஆனா உச்சரிப்பைக் கவனிச்சீங்கன்னா சுத்தமா இருக்கும். இப்பவாவது குரலு ஞாபகம் வருதுங்களா? வரலைங்களா. சரி.

காலைல எட்டு மணிக்கு நாச்சிமுத்து கடைக்கு வந்தாரு. தூங்கலை போல, கண்ணு செவந்திருக்குது. கழகத்து லெட்டர்பேடு என்கிட்டத்தான் இருக்கும்.

'ஒரே வரி போதுமுங்க. நாங்கதான் நிறுத்தி வெச்சுட்டோம்னு. அதைப் போட்டோ எடுத்து அனுப்புனாப் போதும்னாங்க'ன்னாரு.

ஒரு வரி! சென்னியப்பன் கிட்ட வந்து ஒரு வரி கேக்கறாரு. கழகத்து மானம் இருக்குது, ஊரு மானம் இருக்குது. பெங்களூர்ல இருக்கறவங்க நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? 'உக்காருங்க நாச்சிமுத்து, அருமையா எழுதித் தர்றேன்'னேன். அவரு உக்காரலை. சொவத்துல இருந்த கடியாரத்துக்கு எதுக்கால நின்னுக்கிட்டாரு.

மொத பக்கம், தாராபுரத்தோட சிறப்பு. அமராவதி ஆறு, அரிசி, விளையாட்டுல ஊருக்கு உள்ள ஆர்வம். ரெண்டாவது பக்கம், ஊடகங்கள் இந்தப் புள்ளைய எப்படியெல்லாம் நிம்மதி இல்லாம அடிச்சாங்கங்கற கண்டனம். அதை எழுதறப்ப ரெண்டு தாளைக் கிழிச்சுப் போட்டு மறுக்கா எழுதுனேன், கோவத்துல எழுத்து கோணலாப் போச்சு. மூணாவது, போக்குவரத்துல இருக்கற கொறைகள். பெங்களூருக்கு ஒரே ஒரு நேர் வண்டிதான்னா என்னங்க அநியாயம்? நாலாவது பக்கம் பொதுவா, நெஞ்சைத் தொடற மாதிரி. நடுவுல டீ வரவழைச்சேன். அவரு குடிக்கலை.

ஒம்பது அடிச்சுது, பத்து அடிச்சுது. பதினொண்ணு ஆனப்ப, 'பதினொண்ணுங்க'ன்னாரு. வண்டி நேரம் சொல்ற அதே குரல்ல. அவ்வளவுதான்.

கடுதாசியோட கடைசியில ஒரு முறை இருக்குதுங்களே, பணிவு. கல்யாணப் பத்திரிகையில 'அழைப்பில் பிழை இருப்பின் பொறுத்தருள்க'ன்னு போடறதில்லையா? நெசமாப் பிழை பண்ணவனா அதைப் போடறான்? அது ஒரு மரியாதை. அது மாதிரி நானும், 'அன்பு மிகுதியால் செல்வி சிந்துஜாவை விழா மேடையில் நாங்களே நேரம் கடந்து நிறுத்தி வைத்துவிட்டோம். அவர்மீது பிழை இல்லை. பொறுத்தருள்க'ன்னு போட்டு, கீழ 'இப்படிக்கு, ரா. சென்னியப்பன், விழா ஒருங்கிணைப்பாளர்'னு கையெழுத்துப் போட்டு, கழக சீலும் குத்துனேன். மணி பதினொன்னு முப்பத்தெட்டு.

நாச்சிமுத்து நாலு பக்கத்தையும் வாங்கிக்கிட்டாரு. நின்னுக்கிட்டே படிச்சாரு. ஒவ்வொரு பக்கமாப் படிச்சு ஒவ்வொண்ணா மேசை மேல வெச்சாரு. நாலாவது பக்கத்துக்கு வந்ததும் கண்ணு கீழ போச்சு. என் மேசையில ஒரு இரும்பு ஸ்கேல் கிடக்கும். அதை எடுத்து அந்தப் பணிவு வரிக்கு மேல வெச்சு அழுத்தி, சர்ருன்னு கிழிச்சுட்டாருங்க. கீழ மூணு விரக்கடை அகலம். அந்த வரி, கையெழுத்து, சீலு, அவ்வளவுதான். அதை எடுத்துக்கிட்டு, மிச்சத்தை மத்த மூணு பக்கத்தோட சேத்து ஒழுங்கா அடுக்கி என் பக்கமாத் தள்ளுனாரு.

'நாச்சிமுத்து! மிச்சம்?'னேன்.

'அது உங்களுக்குங்க'ன்னாரு.

வாசல்ல வெயில்ல நின்னு போன்ல போட்டோ எடுத்தாரு. ரெண்டு தடவை எடுத்தாரு. அனுப்பிட்டு அங்கயே நின்னாரு. பன்னெண்டுக்கு ரெண்டு நிமிசம் இருக்கறப்ப போன் மணி அடிச்சுது. காதுல வெச்சாரு. அந்தப் பக்கம் அம்மிணியாத்தான் இருக்கோணும், ஏன்னா ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை. கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிருந்துட்டு, 'ம்'ன்னு சொல்லி வெச்சுட்டாரு. அப்பறம் கடை வாசல் படியில உக்காந்தாருங்க. காலைல எட்டு மணியில இருந்து நின்னுக்கிட்டு இருந்தவரு.

சேத்துக்கிட்டாங்க. இப்ப அங்கதான் இருக்கறா. மொத பதினெட்டுப் பேர்ல வந்துட்டாளாம். அந்த முகாம்ல ஒரு கேமராவையும் உள்ள விடறதில்லையாமா. போன வாரம் நானே அந்தச் சேலத்தம்மாவைக் கூப்புட்டுக் கேட்டேன், ஒரு சின்ன வாழ்த்துரை மட்டும் பேசிட்டுப் போறேன்னு. கேட்டுக்கிட்டு, சிரிச்சுட்டு வெச்சுட்டாங்க.

நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்க. யாரு எழுதுன எழுத்துல அவளுக்கு எடம் கெடைச்சுது? என் எழுத்துலதானுங்களே? ஒருத்தராச்சும் அதைச் சொன்னாங்களா? கிழிச்ச துண்டுதான் பெங்களூரு ஃபைல்ல இருக்குது. உசுரைக் குடுத்து எழுதுன முக்காவாசி இங்க அனாதையாக் கிடக்குது. எனக்கு வருத்தம் அதுதானுங்க, வேற ஒண்ணும் இல்லை. புள்ளை நல்லா இருக்கட்டும்.

ஆனா நான் விடலைங்க. அந்த நாலு தாளையும் லேமினேசன் பண்ணி வெச்சிருக்கறேன். கோயமுத்தூர்ல படிக்கலாம்னுதான் எடுத்துட்டு வந்திருக்கறேன். மடியில இருக்கற இந்தப் பையில அதுதான் இருக்குது. பல்லடம் போறதுக்குள்ள உங்களுக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டிப் போடறேன், குத்தங்குறை இருந்தாச் சொல்லுங்க. மொதல் பக்கம். 'வற்றாத வளமும் வணங்காத முடியும் கொண்ட எம் தாராபுரம்...'

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? சிங்காநல்லூருக்குத்தானுங்களே டிக்கெட் வாங்குனீங்க? கண்டக்டரே, இவரு ஏன் விசில் ஊதச் சொல்றாரு? ஏனுங்க, இங்க ஸ்டாப்பே கிடையாதுங்க. சுத்தியும் கரண்டு எடுக்கற காத்தாடி நிக்கற வெறுங்காடு. ஒரு டீக்கடை கூட இல்லை. அடுத்த வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும். இந்த வெயில்ல எங்கீங்க போய் நிப்பீங்க?

ஏனுங்க!